சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை

நீங்கள் கண்ணை மூடிய நாளிலிருந்து சாக்கு போட்டு மூடி வைத்திருந்த உங்கள் சைக்கிளை இன்று வெளியே எடுத்தோம். சாக்கை விலக்கியதும் எண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த வாசனை தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் நம் ஒற்றை அறைக் காம்பரா முழுவதும் பரவியது. நீங்கள்தான் வேலை விட்டு வந்துவிட்டீர்கள் என்று, தேத்தண்ணி வைக்க அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன்.

யேசு பாலன் பிறக்கும் நத்தாருக்கு என்ன வேண்டும் என்று உங்கள் மகளிடம் கேட்டிருந்தேன். புதுச் சட்டை கேட்பாள் என்று நினைத்தேன். "அப்பா சைக்கிள் வேணும்மா. ஓட்டிப் பழகி டவுன் ஸ்கூலுக்கு அதுலயே போறேன்" என்றாள். அப்படியே உங்கள் பிடிவாதம்.

கீழே அட்டன் டவுனில் துணிக்கடை வேலைக்கு நீங்கள் போய் வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். காலையில் இறக்கத்தில் சைக்கிள் உங்களைச் சுமந்து பறக்கும். மாலையில் நீங்கள் அதைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருவீர்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் லயத்து ஆசையெல்லாம் உங்கள் ஹேண்டிலில்தான் தொங்கும். ஒருத்திக்கு ரிப்பன், ஒருவருக்கு வெடி, பக்கத்துக் காம்பரா அக்காவுக்குக் கேக் மாவு. எல்லாவற்றையும் படங்கில் சுற்றி மழையிலிருந்து காப்பாற்றிவிட்டு, நீங்கள் மட்டும் தெப்பமாக நனைந்து வருவீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பேன். கல்யாணமான இரண்டாவது நத்தாருக்குத்தான் வாய் திறந்தேன்.

"நான் சைக்கிள் ஓட்டணுங்க."

"ஏன், சைக்கிள்லயே கொழுந்து எடுக்கப் போறியா?" என்று சிரித்தீர்கள். ஆனாலும் பூசை முடிந்து வந்ததும் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப் போனீர்கள். தோட்டத்தில் சமமான நிலம் அது ஒன்றுதான். மற்ற நாளில் விடியுமுன்னே ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். பண்டிகை லீவில்தான் காலியாக இருக்கும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற, நீங்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு வேட்டியோடு பின்னால் ஓடினீர்கள். "கீழ பாக்காத புள்ள, மிதி!" லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "விடுங்க, விடுங்க" என்று கத்தினேன். விட்டீர்கள். நேரே போய்த் தேயிலைக்குள் விழுந்தேன்.

ஓடி வந்து நீங்கள் முதலில் கேட்டது என்ன? "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

கட்டிய பெண்டாட்டி செடிக்குள் தலைகீழாகக் கிடக்கிறேன்! கோணிய ஹேண்டிலை நிமிர்த்தும்போது உங்கள் கை வெடவெடவென்று நடுங்கியது. சைக்கிள் மேல் அவ்வளவு பாசமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சோறு போட்டேன், பேசவில்லை. அப்புறம் எத்தனை வருடம் அதைச் சொல்லிக் குத்திக்காட்டினேன்! சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வீர்கள்.

இன்று அதே களம். கேரியரை நான் பிடித்துக்கொண்டு ஓடினேன். உங்கள் மகளும் "விடுங்கம்மா" என்றாள். விட்டேன். ஓரத்துக்குப் போய்ச் சைக்கிளோடு தேயிலைக்குள் சாய்ந்தாள். ஓடினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண் சக்கரத்தின் மேல் போய் நின்றது. வாய் தானாகக் கேட்டது: "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"நான் விழுந்து கெடக்கேன், சைக்கிளக் கேக்குறீங்க!" வாயில் போன இலையைத் துப்பிக்கொண்டே அவள் கத்தினாள்.

ஹேண்டிலைப் பிடித்த என் கை நடுங்கியது. அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தேன். அன்று உங்கள் கை யாருக்காக நடுங்கியது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவளுக்கு ஒன்றும் இல்லைங்க, முழங்கையில் சின்னச் சிராய்ப்புதான். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். சைக்கிளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.