மாடி ரூமுக்குக் கிழக்கே ஒரு ஜன்னல்

சிவகாசி,
பங்குனி 24.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பத்ரகாளியம்மன் புண்ணியத்தில் இங்கே அப்பாவுக்கு முட்டி வலியையும் எனக்கு உன் அப்பாவையும் தவிர வேறு குறை எதுவும் இல்லை. அங்கே டென்மார்க்கில் நீயும் மாப்பிள்ளையும் என் தங்கம் பிரீத்திகாவும் சளி, இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். முகம் பார்த்துப் போனில் பேசுகிற காலத்தில் இந்த அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் பிள்ளை குறுக்கே வந்து விழுந்த பல்லைக் காட்டுகிறாள், அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது. சாத்தூர்ச் சேவும் மோர் மிளகாயும் அனுப்பப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், அதோடு இதையும் வைத்துவிடலாம் என்று அப்பா பிரஸ்ஸுக்குப் போனதும் உட்கார்ந்தேன்.

ஊர் வெயிலைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்குப் போய்விட்டு வந்தோம், கூட்டத்தில் எனக்குத் தலை சுற்றி, ஒரு மோர்ப் பந்தலில் அரை மணி நேரம் உட்கார்ந்துதான் எழுந்தேன். பயப்படாதே, வெறும் வயிற்றோடு போனது என் தப்பு. அப்பா அதையே நான்கு நாளாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குகிறார். பிரஸ்ஸில் இப்போது பெரிய வேலை இல்லை, ஊறுகாய் லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் ஓடுகின்றன. காலண்டர் ஆர்டர் இனி ஆடிக்குப் பிறகுதான். கை சும்மா இருந்தால் உன் அப்பாவுக்கு ஆகாது, அது நல்லதற்குத்தான் ஆயிற்று என்பதைக் கேள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய் அல்லவா, சித்திரைப் பொங்கலுக்கு வருகிறோம், ஆனால் இந்தத் தடவை இருபது நாளும் ஹோட்டலில் ரூம் போட்டுவிட்டோம், பகலில் மட்டும் வீட்டுக்கு வந்து போகிறோம் என்று. நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. போன வருடம் மாடி ரூமில் மூன்று நாள் படுத்ததற்கே பிள்ளைக்கு முதுகு முழுக்க வேர்க்குரு பொரிந்து, ராத்திரியெல்லாம் அழுது, நாலாம் நாள் மாப்பிள்ளை ஏசி ரூம் பார்த்து உங்களை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்பாவும் உன்னிடம், “நல்லதுதான, புள்ளைக்கு வசதியா இருக்கும்” என்றுதான் சொன்னார். போனை வைத்த பிறகு சாப்பிட வரவில்லை. உச்சி வெயிலில் மாடிக்குப் போய் அந்த ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டை உடம்போடு ஒட்ட இறங்கி வந்தார். என்னங்க இது கோட்டித்தனம் என்று கேட்டேன். “எம் பேத்தி எங்கன கெடந்து வெந்துச்சுன்னு பாத்துட்டு வந்தேன்” என்றார்.

அந்த ரூம் ஆளுக்காகக் கட்டின ரூம் இல்லை, பேப்பருக்காகக் கட்டினது என்று உனக்குத் தெரியும். ஈரக்காற்று பட்டால் தாள் ஓரம் அலை அலையாக நெளிந்துவிடும், மெஷினில் ஓடாது. அதனால் மேற்கே பேருக்கு ஒரு ஜன்னல், மற்ற மூன்று பக்கமும் மொட்டைச் சுவர், மேலே ஒரு வெண்டிலேட்டர் கூட இல்லை. நீ வளர்ந்து கீழே இடம் போதாமல் போனபோது பேப்பர்க் கட்டை ஒரு பக்கம் ஒதுக்கி உனக்குக் கட்டில் போட்டோம். அப்பாவுக்கு ஒரு பழக்கம், அந்த ரூமுக்குள் நுழைந்தாலே கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்திவிடும். போன வருடம் உங்களுக்காக ஏர்கூலர் வாங்கி வைத்தாரே, அதையும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஓட விட்டார். குளிர்ச்சி வெளியே போய்விடுமாம். கூலர் விடும் ஈரக்காற்று வெளியே போக வழி இருந்தால்தான் குளிரும், இல்லாவிட்டால் இட்லிக் கொப்பரைதான் என்று அதைப் பழுது பார்க்க வந்தவர் இந்த வருடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிள்ளையை மூன்று நாள் ஆவியில் வேக வைத்திருக்கிறோம்.

முதலில் அப்பா தன் சொந்த மூளையைப் பயன்படுத்தினார். பட்டாசு கிஃப்ட் பாக்ஸுக்கு அடிப்பார்களே வெள்ளி அட்டை, அதில் கலர் தப்பி ஒதுக்கின தாள்கள் பிரஸ்ஸில் கிடந்தன. அதையெல்லாம் மொட்டை மாடியில் பரப்பிச் செங்கல் வைத்தார், வெயில் திரும்பிப் போய்விடும் என்று. திரும்பித்தான் போயிற்று, எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் அடுப்படிக்கு. அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “மதினி, எங்க வீட்ல சூரியன் ரெண்டா உதிக்கி” என்றார்கள். அன்று சாயங்காலம் அடித்த காற்றில் அட்டையெல்லாம் பறந்து தெரு முழுக்க மினுமினு என்று கிடந்தது. பிள்ளைகள் எடுத்துக் கிரீடம் செய்து விளையாடின. மாப்பிள்ளையும் போனில் தன் பங்குக்கு யோசனை சொன்னார், மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடலாமே என்று. சிவகாசியில் மொட்டை மாடியில் கீற்றுப் போடச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று நான் சொன்னதாகச் சொல். ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் ரூமோடு சேர்த்து எல்லாம் குளிர்ந்துவிடும்.

பிறகு முறையாகச் சுண்ணாம்பு அடிப்பது என்று முடிவாயிற்று. பின் தெரு முனியராஜ் வெள்ளையடிக்க வந்தார். அவர் மனைவி இருளம்மாள் நாரணாபுரத்தில் வெடிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், என் வயதுதான், மகளிர் குழுவில் நானும் அவளும் கூட்டு. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் அவளும் கூட வந்தாள். தளம் முழுக்கச் சுண்ணாம்பும் பசையும் கலந்து இரண்டு பூச்சு. பிரஸ்ஸில் மாட்டியிருக்கும் டெம்பரேச்சர் மீட்டரை அப்பா கொண்டுவந்து ரூமில் தொங்கவிட்டிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு நாற்பத்தொன்று காட்டினது முப்பத்தெட்டாக இறங்கியது. அப்பா உலகத்தையே ஜெயித்த மாதிரி நின்றார். இருளம்மாள் உள்ளே வந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்க கம்பெனில ஒவ்வொரு ரூமுக்கும் எதிரும் புதிருமா வாசல் வச்சிருப்பாக அண்ணாச்சி. ஏதாச்சும்னா நாங்க ஓடுறதுக்கு. அதுலயே காத்தும் ஓடும். நீங்க காத்து உள்ள வர ஒரு ஓட்டைய வச்சுட்டு, போக வழியே வைக்கலியே” என்றாள். பேப்பர் வைக்கிற ரூம் ஆச்சே என்று அப்பா இழுத்தார். “பேப்பருக்கு வேர்க்குரு வராது அண்ணாச்சி, புள்ளைக்கு வரும்ல” என்று சொல்லிவிட்டு அவள் வாளியைக் கழுவப் போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையில் சிந்தின சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

பதினைந்து நாள் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அப்பா வருவதற்குள் நான் கீழே ஹாலில் இருந்த சோபாவை உன் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், ஷோகேஸை அடுப்படிச் சுவரோரம் தள்ளிவிட்டேன். மாடியில் இருந்த பேப்பர்க் கட்டை எல்லாம் இனி இங்கே அடுக்குங்கள் என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் சோணைமுத்து கொத்தனாரைக் கையோடு கூட்டி வந்தார். இப்போது நான் ஹாலில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சுவரை உடைக்க மூன்று நாள் பிடித்தது. அந்தக் காலத்து ஆலங்குளம் சிமெண்டு, அப்பா அப்போது கலவையில் கஞ்சத்தனம் பண்ணவே இல்லை. கிழக்குச் சுவரில் ஒரு கை நுழைகிற ஓட்டை விழுந்ததும், மேற்கு ஜன்னலில் வந்த காற்று அதைத் தேடிக்கொண்டு ஓடியது. அப்பாவின் வேட்டி நுனி ஆடியது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ரூமுக்குள் காற்று நடமாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சோணைமுத்து சந்தோஷமாக ஏதோ சொன்னார், அப்பா காதில் விழவில்லை. “இங்கன உக்காந்துதான் சுகிர்தா பிளஸ் டூ படிச்சா. ஈரத் துண்டைக் கழுத்துல சுத்திக்கிட்டு உக்காந்திருப்பா. தாளு நெளியாமப் பாத்துக்கிட்டேன், புள்ள நெளிஞ்சதப் பாக்கலியே” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, காப்பி போடுகிறேன் என்று கீழே வந்துவிட்டேன்.

இப்போது கிழக்கே நல்ல பெரிய ஜன்னல், இரண்டு பக்கமும் உச்சியில் வெண்டிலேட்டர், எல்லாவற்றுக்கும் கொசுவலை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்குகிறது, பன்னிரண்டு மணிக்கு இறக்கி ஐந்து மணிக்கு ஏற்ற வேண்டும். நான் பொய் சொல்ல மாட்டேன், ரூம் டென்மார்க் ஆகிவிடவில்லை. மூன்று மணிக்கு முப்பத்தைந்து இருக்கிறது, கூலரை ஜன்னலோரம் வைத்து ஓட்டினால் முப்பதுக்குப் பக்கம் வருகிறது, ராத்திரி தளம் அனல் கக்குவதில்லை. போன வியாழக்கிழமை மத்தியானம் சோதித்துப் பார்க்கிறேன் என்று போன அப்பா அங்கேயே பாயில் தூங்கிப்போனார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனுஷர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. குறட்டை வேறு. உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், நெற்றி குளிர்ந்திருந்தது. ஏசி போடலாமே என்று நீ கேட்பாய். போடலாம், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கோடையில் நம் தெருவுக்கு வரும் கரண்ட்டை நம்பிப் பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் என் மனசு ஆறாது. பிளஸ் டூ படிக்கும்போது, புரட்டாசி மாதம், கிழக்கே ஒரு ஜன்னல் வேண்டும் என்று நீ அப்பாவிடம் கேட்டாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. கிழக்குச் சுவர் உடைத்தால் தாங்காது தாயி, பிறகு பார்ப்போம் என்று அவர் உன்னிடம் சொன்னார். சுவருக்கு ஒன்றும் இல்லை, சுகிர்தா. நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கொத்தனாரைக் கூட்டி வந்து அளவு கூட எடுத்துவிட்டார். வேண்டாம் என்றது நான். காலண்டர் சீசன், ரூமில் பாதிக்கு ஆர்டர்க் கட்டு நிற்கிறது, சிமெண்டுத் தூசி விழுந்தால் யார் வாங்குவார், தை பிறக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். தை பிறந்தது, உனக்குப் பரீட்சை வந்தது, அப்புறம் நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். பதினாறு வருடமாக உன் அப்பா அந்தப் பழியைத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். சுவர் உடைந்த அன்று கூட, கொத்தனார் முன்னால் தன்னைத்தான் திட்டிக்கொண்டார், என் பக்கம் திரும்பவில்லை. காப்பி போட வந்தவள் அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்று அழுதேன்.

அதனால் ஹோட்டல் வேண்டாம், வீட்டுக்கு வா என்று உன்னைக் கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது, அவர் கேட்க மாட்டார். எனக்கு இல்லை, ஆனாலும் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். முதல் மூன்று நாள் நம் வீட்டில் படுங்கள். பிள்ளை முதுகில் ஒரு பொரி கண்டாலும் நானே உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹோட்டலில் விட்டுவிட்டு வருகிறேன், சத்தியம். வரும்போது பிள்ளைக்குப் பருத்திக் கவுனாக எடுத்து வா, அந்த வழவழப்புத் துணியெல்லாம் இங்கே ஆகாது.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். பிரீத்திகா கன்னத்தில் நூறு முத்தம் கொடு. மூன்று பேரும் நூறு வருடம் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க அம்மன் துணை நிற்பாள். சேவு நமத்துப்போவதற்குள் டப்பாவில் போட்டு மூடி வை. ஒன்று மறந்துவிடாதே, உன் பதிலை என்னிடம் சொல்லாதே. அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு எந்த ஜன்னல் பக்கம் பாய் போடுவீர்கள் என்று மட்டும் கேள்.

உன் அன்பு அம்மா,
மா. பொன்னுத்தங்கம்