கேட்டவர்களுக்குக் கட்டம் இல்லை

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து காற்று. மேற்கே மலை தெரியவில்லை. இரண்டு தூறல். நூலக முன்கதவின் தாழ்ப்பாள் இன்றும் சரியாகவில்லை, செங்கல் வைத்துச் சாத்தினேன்.

செய்ய வேண்டியவை: மின்விசிறி. பழைய நாளிதழ்க் கட்டு. ‘ஊர் கூடி வாசிப்போம்’ திட்டப் பதிவேட்டை ஸ்ரீவி. (ஸ்ரீவில்லிபுத்தூர்) அலுவலகத்துக்கு அனுப்புவது (இரண்டு போன் வந்துவிட்டது).

மதியம் பேண்டேஜ் தயாரிக்கும் ஷெட். பதினான்கு பெண்கள் காஸ் துணி மடிக்க, செல்வி மட்டும் மடிக்காமல் நம் நூலகப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். அவள் வேலைக்கு ஈடாக மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு மடித்து அவள் குவியலில் போட்டுவிடுவார்கள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

இன்று நாவல் முடிந்தது. பேச்சியக்காவுக்குக் கடுப்பு. ஐம்பது தாண்டியவர், எழுத்து தெரியாது, கேட்க ஒருநாளும் தவறியதில்லை. “அந்தப் புள்ளைய எதுக்குக் கெணத்துல தள்ளணும்? கதைய முடிக்கத் தெரியல, தள்ளிட்டாவ.” மூன்று முறை படித்த எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை.

பதிவேட்டில் ‘வாசித்த நூல்கள்’ என்று ஒரே கட்டம். கேட்டவர்களுக்குக் கட்டம் இல்லை. போன மாதமே மே.அ.விடம் (மேலதிகாரி) போனில் கேட்டேன். “எல்லாரையும் வாசிச்சவங்கள்லயே போடுங்கம்மா. எண்ணிக்கை வரணும்.” போட்டேன். பேச்சியக்கா பெயருக்கு நேரே பதினொன்று. அவருக்குத்தான் அதிகம். மாலையில் பக்கங்களைப் படமெடுத்து போனில் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஸ்ரீவி.யிலிருந்து போன். சிறந்த வாசகராகப் பேச்சியக்கா தேர்வு. சனிக்கிழமை அங்குள்ள மண்டபத்தில் விழா, ஷீல்டு. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் மூடிக்கொண்டேன். ஷெட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“எனக்கா? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே மேடம்.”

“ஷீல்டை வாங்கிட்டு வந்துரலாங்கா. ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

நான் சொன்னதுதான் இது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 12, சனி

இதை எழுதுவதே கோபத்தில்.

பேச்சியக்கா நீலப் பட்டு, தலை நிறையப் பூ. பஸ்ஸில் போகும்போது செல்வியிடம், “எங்க வைக்க அதை? டிவி மேலயா?” மண்டபம் நிறைய ஆள், வெளியிலும் நின்றார்கள். மே.அ. ஷீல்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்து, “ஒரு பக்கம் வாசிங்கம்மா, எல்லாரும் கேக்கட்டும்.”

பேச்சியக்கா மைக்கில் சொன்னார்: “எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுங்க. செல்வி படிப்பா, நான் கேப்பேன். வேணும்னா கதைய முழுசாச் சொல்லுதேன்.”

மே.அ. சிரித்தார். “காதால வாசிச்சவங்களுக்கு ஷீல்டு கிடையாதும்மா.” மண்டபமே சிரித்தது. பேச்சியக்கா கையிலிருந்து ஷீல்டைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். பேச்சியக்கா படியிறங்க வழி தெரியாமல் அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை நடந்தார்.

நான் மூன்றாவது வரிசை. எழுந்திருக்கவில்லை. என் வேலை, என் புரமோஷன், என் மண்ணாங்கட்டி.

வாசலில் எல்லாருக்கும் பால்கோவா. பேச்சியக்கா வாங்கவில்லை. எங்கள் ராஜபாளையம் வரும்வரை ஜன்னல் பக்கமே முகம்.

ஜூலை 14, திங்கள்

மெமோ. ‘பதிவேட்டில் தவறான விவரம். விளக்கம் தரவும். பேச்சியம்மாள் பெயரை அடித்து அனுப்பவும்.’ போடச் சொன்னவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம்! நான்கு முறை படித்தேன், நான்கு முறையும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர்: “ஒரு பேரை அடிச்சாப் போச்சு. உனக்கென்ன வந்துச்சு?” சாம்பாரில் உப்பு தூக்கல் என்றும் சொன்னார். தின்னட்டும்.

மின்விசிறி வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஷெட். பேச்சியக்கா இடம் காலி. சூப்பர்வைசரிடம் தானே கேட்டு, பெட்டி அடுக்கும் வேலைக்கு மாறிவிட்டாராம். மிஷினுக்குப் பக்கத்தில், ஒன்றும் காதில் விழாத இடம்.

செல்வி புதுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. “யாரும் பெருசா ஒண்ணும் சொல்லல மேடம். ரெண்டு பேரு ‘ஷீல்டு எங்கக்கா’ன்னு கேட்டாளுவ. அம்புட்டுத்தான்.”

மிஷின் பக்கம் அவரைத் தேடிப் போனேன். மெமோவைச் சொன்னேன், பெயரை அடிக்க மாட்டேன் என்றேன். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. அவரும் கத்தினார்.

“அடிச்சா என்ன, இருந்தா என்ன! நான் பொய் சொல்லல. அம்புட்டுப் பேரு முன்னாலயும் உள்ளதச் சொன்னேன். எழுதினது நீங்க. நீங்க ஏன் எந்திரிக்கல?”



ஜூலை 17, வியாழன்

ஸ்ரீவி. ஆய்வுக் கூட்டம். என் முறை வந்ததும் எழுந்தேன். “வாசிச்சதா போடச் சொன்னது நீங்க சார். அந்தம்மா பதினோரு புத்தகம் கேட்டிருக்காங்க, எந்தப் பக்கத்தையும் கேளுங்க, சொல்லுவாங்க. பேரை அடிக்க மாட்டேன்.” மே.அ.: “உட்காருங்கம்மா.” மற்றவர்கள் ஃபைலைப் பார்த்தார்கள். நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். கோபத்தில் அழுகை வந்துவிட்டது, அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டத்தை வேறு கிளைக்கு மாற்றுவார்களாம். மாற்றட்டும்.

பஸ் இறங்கி நேரே ஷெட். பேச்சியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எந்திரிச்சுச் சொன்னியளா?”

“சொன்னேங்கா.”

“அங்க எம்புட்டுப் பேரு இருந்தாவ?”

“ஒன்பது பேர்.”

“எனக்கு மண்டபம் நெறைய இருந்தாவ, மேடம்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.