நட்சத்திரம் போட்ட சொல்

பலெர்மோ
3 மார்ச் 1996

அன்புள்ள மாக்கிரட்டுக்கு,

நீயும் மகள் அமலினியும் மடு அகதி முகாமில் காய்ச்சலில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு வலக்கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. எழுத்துக் கோணலாயிருந்தால் பயப்படாதே.

என் பேராசிரியர் தை மாதம் இறந்ததை முன்பே எழுதினேன். ஒன்பது வருடம் அவர் வீட்டில் சமைத்தேன், துடைத்தேன், மாலையில் அவருடைய சொல் அட்டைகளை அடுக்கினேன். அம்பக்தொஸ் என்ற ஒரே சொல்லுக்கு நாலு இழுப்பறை. ஐரோப்பாவின் பழங்குடிகளான கெல்ற் மக்களின் ஆதிமொழிச் சொல். யாரும் எழுதிவைக்காதது, அதிலிருந்து பிறந்த சொற்களைப் பார்த்து ஊகித்தது. அதனால் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார். தலைவனைச் சுற்றி நிற்கும் பணியாள் என்று பொருள். அது வேல்ஸில் உழவன் ஆனது, ஜெர்மனியில் அரச அலுவலகம், இத்தாலியில் தூதரகம்.

போன செவ்வாய் அவர் மகன் இழுப்பறைகளை முற்றத்தில் கவிழ்த்து நெருப்பு வைத்தான். தடுத்தேன். வேலைக்காரனுக்கு இதில் என்ன என்று கன்னத்தில் அறைந்தான். விழுந்த என் கையைச் சப்பாத்தால் மிதித்தான். மற்றக் கையால் இழுப்பறையைத் தூக்கி அவன் வாயில் அடித்தேன். மூன்று பல். அவன் விழுந்த பிறகும் அடித்தேன், மறைக்கமாட்டேன். பல்லரோ சந்தை மீன்காரர் இருவர் ஓடிவந்து பிடித்திராவிட்டால் கொன்றிருப்பேன்.

இப்போது அவனுடைய வழக்கறிஞர் ஒரு தாள் தந்திருக்கிறார். அட்டைகளைத் திருடினேன், மன்னியுங்கள் என்று ஒப்பமிட்டால் பொலிஸ் முறைப்பாட்டை மீளப்பெறுவார்களாம். இல்லாவிட்டால் வழக்கு, இங்கே தங்க எனக்கிருக்கும் அனுமதி, பெர்மெசோ, போகும், உங்களை இங்கே அழைக்கும் விண்ணப்பமும் போகும். இருபதாம் திகதி வரை தவணை.

என்னோடு அறையில் இருக்கும் ஜோக்கிம், "அண்ணை, செத்த சொல்லுக்காண்டி ஆரும் உயிரோடை இருக்கிறவன்ரை பல்லை உடைப்பினமே? போட்டுட்டு வாங்கோ" என்கிறான். பங்குச் சுவாமியும் அதையே சொன்னார். அடித்ததற்கு முழந்தாளில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன், களவுக்குக் கேட்கமாட்டேன் என்றேன்.

ஒரு அட்டை மிஞ்சியது. ஓரம் கருகியது. பேராசிரியர் சொல்ல நான் என் கையால் எழுதியது, நட்சத்திரமும் நான் போட்டதுதான். இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். ஈரம் படாமல் வை.

ஒப்பமிடு என்று நீ எழுதினால் இடுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு மாதம் செல்லும் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதே. மடு மாதா உங்கள் இருவர் பக்கத்திலும் நிற்கட்டும். என்னை வைய வேண்டுமென்றால் சத்தமாக வை.

உன்,
அருளையா