பத்து நாள் தாமதம்

7, திங்கள். வெயில்.

இன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்பது நாற்பதுக்கு முடிந்த கூட்டத்தில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. கால அட்டவணையில் தாமதத்தைக் காட்டும் பட்டைகள் இனிச் சிவப்பில் இரா. செம்மஞ்சளில் இருக்கும். காரணம், வாடிக்கையாளர் திரு. டான். அவர் சீனர். அவருக்குச் சிவப்பு மங்கலம். பத்து நாள் தாமதத்தைப் பார்த்து அவர் மகிழ்ந்துவிடக் கூடாது. எதிர்ப்பு எதுவும் எழவில்லை. பதிவு செய்தவள் நான்.

பயிற்சி மொத்தம் பன்னிரண்டு வாரம். இது பதினோராவது. கட்டட வேலையும் நான் சேர்ந்த வாரம்தான் தொடங்கியது. திட்ட மேலாண்மை முதுகலையில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். 18-ம் தேதிக்குள் மதிப்பீட்டுப் படிவத்தில் மேலாளர் சிவபாலன் சாரின் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடி முதல் நாளிலிருந்து. வயது முப்பத்தெட்டு. நூலக வேலையிலிருந்து எடுத்த நீண்ட விடுப்பு இந்த மாதத்தோடு சரி.

செய்ய வேண்டியவை:
– பட்டைகளுக்கு நிறம் மாற்ற.
– தாமதத்தின் காரணங்கள் பற்றி அறிக்கை. 17-ம் தேதி டான் முன்னால் நான் வாசிக்க வேண்டும்.
– சப்பாத்து. இடது காலில் தண்ணீர் புகுகிறது.

அறிக்கையின் முடிவை சார் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மேற்பார்வை போதாது. காரணங்களை மட்டும் நான் கண்டுபிடித்தால் போதும்.

மேற்பார்வை என்றால் அந்தோணி அண்ணன். பெக்கான் நானாஸில் நாங்கள் கட்டும் அன்னாசிக் குளிர்கிடங்குக்கு அவர்தான் சைட் சூப்பர்வைசர்.

"அந்தோணிய காஹாங் சைட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்மா. ஸ்டோர் பாத்துக்கட்டும். உங்க ரிப்போர்ட் முடியட்டும், லெட்டர் குடுத்துருவோம்."

என் அறிக்கை ஒருவரை ஊர் மாற்றும் என்று பாடப்புத்தகத்தில் எங்கும் போடவில்லை.

8, செவ்வாய். புழுக்கம்.

மீன்முள் படம் வரைந்தேன். மீனின் தலையில் 'பத்து நாள் தாமதம்'. முள் ஒவ்வொன்றும் ஒரு காரணம். மழை: பாதி நாள். பொருள்: எல்லாம் சொன்ன தேதிக்கு வந்திருக்கிறது. ஆள்: சம்பளப் பட்டியல்படி குறையவில்லை. இயந்திரம்: ஒரு முறை பழுது, அன்றே சரி. மெலிந்த மீன்.

மதியம் சைட் கூடாரத்தில் அந்தோணி அண்ணனுடன் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. வயது ஐம்பத்தைந்து. இங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில், காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். செய்தி அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"பொறந்த எடத்துக்கே திருப்பி அனுப்புறாங்களாம். சாமான் சரியில்லன்னா கடைக்கு திருப்பி அனுப்புவாங்கள்ல, அந்த மாதிரி."

சிரித்தார். நான் வெள்ளரிக்காயை ஒதுக்கினேன்.

"காஹாங் போனா பரவால்ல தங்கச்சி. எம் வூட்டுக்காரி மேரிதான் கவல. வாரம் மூணு நாளு, பொந்தியான்ல டயாலிசிஸ், நாலரைக்கு முடியும். மெஷின்லேர்ந்து எறங்குனா அவளால நிக்க முடியாது. அந்நேரம் நான் இல்லன்னா யாரு புடிச்சிக்கிறது?"

அவருக்குத் தெரியாது, அறிக்கை எழுதுவது நான் என்று. அல்லது தெரியும். சம்பலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

10, வியாழன். வெயில். மாலையில் இடி மட்டும்.

பழைய அட்டவணைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஐந்தாம் வார முடிவில் தாமதம் ஐந்து நாள். எட்டாம் வாரத்தில் எட்டு. பத்தாம் வாரத்தில் பத்து. வாரத்துக்கு ஒன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சோம்பேறிகளால் இவ்வளவு ஒழுங்காக இருக்க முடியாது.

சப்பாத்து இன்னும் வாங்கவில்லை.

11, வெள்ளி. விடியலில் காற்றும் மழையும். எட்டு மணிக்கெல்லாம் தெளிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஸ்கூடாயில் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இருப்பேன். இன்று விரிவுரையாளருக்குக் காய்ச்சல். ஆகவே பதினோரு வாரத்தில் முதல் முறையாக வெள்ளியன்று சைட்டில்.

எல்லோரும் வேலையில். கூரைத் தகடுகள் ஏறிக்கொண்டிருந்தன. பன்னிரண்டரைக்குத் தொழுகைக்குப் போனவர்கள் இரண்டே முக்காலுக்குத் திரும்பி மறுபடி ஏறினார்கள். மூன்றரைக்கு அந்தோணி அண்ணன் அன்றாட வேலைப் படிவத்தை எடுத்தார். வாரத்துக்கு ஒரு தாள். அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்.

"ஏன் அண்ணே, பின்னாடி எழுதுறீங்க?"

"முன்னாடி வெள்ளிக்கெழமைக்கு கட்டம் இல்லையே தங்கச்சி."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து கட்டங்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஞாயிற்றுக் கட்டத்தில் அவர் கையெழுத்தில்: 'ஆள் இல்லை.'

ஜோகூரில் முன்பு வெள்ளியும் சனியும் விடுமுறை. இப்போது சனியும் ஞாயிறும். ஆட்கள் மாறிவிட்டார்கள். நிறுவனமும் மாறிவிட்டது. படிவம் மட்டும் மாறவில்லை. அட்டவணையும் மாறவில்லை. பழைய வேலை ஒன்றின் கோப்பை சார் அப்படியே நகலெடுத்திருக்கிறார். அதன்படி ஞாயிறு வேலை நாள், வெள்ளி ஓய்வு. ஞாயிறன்று யாரும் வருவதில்லை, ஒரு நாள் தாமதம். வெள்ளியன்று எல்லோரும் வருகிறார்கள், அது எங்கும் ஏறுவதில்லை.

"சார்கிட்ட சொல்லலையா?"

"மொத வாரமே சொன்னேன். 'ஃபாரம் ஹெட் ஆபீஸ் குடுத்தது, கை வைக்காதீங்க, ஃபாலோ பண்ணுங்க'ன்னாரு. ஃபாலோ பண்றேன்லா."

"பின்பக்கத்த யாராவது பாப்பாங்களா?"

"ஸ்கேன் பண்றது முன்பக்கந்தான். இது என் திருப்திக்கு."

மூன்று ஐம்பதுக்கு அவர் பொந்தியானுக்குக் கிளம்பினார்.

12, சனி. வெயில். வீட்டில்.

கோப்பைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அரசாங்க குமாஸ்தாக்கள். கோப்பில் இருப்பதுதான் உலகம் என்ற மதத்தில் வளர்ந்தவள் நான். கோப்புக்குப் பின்பக்கம் உண்டு என்பது இன்று தெரிந்தது.

இரண்டாம் வெள்ளி: தரைக்குக் கான்கிரீட், முழுவதும்.
ஐந்தாம் வெள்ளி: தூண் ஆறு. மேரி, 4.30 மணி.
எட்டாம் வெள்ளி: சுவர்ப் பலகை பதினாலு. மழை, நிறுத்தவில்லை.
ஒன்பதாம் வெள்ளி: மேரிக்கு முடியலை, சீக்கிரம் கிளம்பினேன். போறதுக்கு முன்னாடி வேலை முடிஞ்சுது.

நேற்றையதோடு பதினோரு வெள்ளி. வேலை ஒரு நாள் கூடத் தாமதம் இல்லை.

துணி துவைத்தேன். பருப்பு கருகிவிட்டது.

14, திங்கள். மேகமூட்டம்.

அட்டவணைப்படி இன்று தாமதம் பதினொன்று. செம்மஞ்சள் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

சார் அறைக்குப் போய்த் தாள்களைப் பின்பக்கம் தெரியும்படி மேசைமேல் பரப்பினேன். பார்த்தார். கணினியில் நாட்காட்டி அமைப்பைத் திறந்தார். வெள்ளி சாம்பல் நிறம். ஞாயிறு வெள்ளை.

"அலமாக்." மலாய் ஐயையோ.

எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத நான்தாம்மா செட் பண்ணேன். டானுக்கு ஆறு லெட்டர் எழுதிருக்கேன், சூப்பர்விஷன் வீக்குன்னு. ஆறும் என் கையெழுத்து."

ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று ஆண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பதினோரு வாரமாக இந்த நிறுவனத்தில் ஒரு கெட்ட மனிதரைத் தேடுகிறேன், அறிக்கைக்கு வசதியாக இருக்கும் என்று. அகப்படவில்லை.

"நாளைக்கு பேசுவோம்," என்றார்.

15, செவ்வாய். மழை.

பேசினோம்.

"நாட்காட்டிய நான் திருத்திட்டேன். எல்லா பட்டையும் பச்ச. ஆனா தாமதமே இல்லன்னு சொல்ல வேணாம்மா. தாமதம் இருந்துச்சு, மீட்டுட்டோம்னு சொல்லுவோம்."

"பதினோரு நாளையும் ஒரே வாரத்துலயா, சார்?"

"அந்தோணி மீட்டாருன்னு சொல்லுங்க. அவருக்கும் நல்லதுதானே? காஹாங் லெட்டர் இல்ல. டான் முன்னுக்கு பாராட்டு. யாருக்கு என்னா நஷ்டம்?"

"ஃபாரம்?"

"நம்ம சைட்டுக்கு மட்டும் பேனாவுல திருத்திக்குவோம். எல்லா சைட்டுக்கும் மாத்துனா ஹெட் ஆபீஸ்ல ஏன்னு கேப்பாங்க."

என் மதிப்பீட்டுப் படிவம் அவருடைய முழங்கைக்குக் கீழே கிடந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் நாகரிகமானவர்கள்.

யோசித்துப் பார்த்தேன். அந்தோணி அண்ணன் இங்கேயே இருப்பார். சாருக்கு அவமானம் இல்லை. எனக்குப் பட்டம். உண்மைக்கு மட்டும் கொஞ்சம் இடநெருக்கடி.

சரி என்றேன். மீனின் தலையில் இருந்ததை அழித்து 'மீட்பு' என்று எழுதினேன். முள்ளெல்லாம் அதே முள்தான்.

17, வியாழன். வெயில்.

திரையில் பதினெட்டுப் படங்கள், இருபது நிமிடம். குரல் நடுங்கவில்லை. டான் பச்சைப் பட்டைகளைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதினோரு நாள்? ஒரு வாரத்தில்? பாகுஸ், பிரமாதம்! யார் செய்தது?"

சார் கை காட்டினார். கடைசி வரிசையில், மின்விசிறிக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்தோணி அண்ணன். எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த இயக்குநர் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும்:

"நான் என்னாத்த தங்கச்சி மீட்டேன்?"

"கைதட்டுறாங்கல்ல, வாங்கிக்குங்க அண்ணே."

"ஒரு நாளும் லேட்டு இல்லையே நம்ம. நீங்கதான் பாத்தீங்களே, பின்பக்கம்."

"பாத்தேன்."

பச்சை அட்டவணை முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். மேரிக்குக் காட்ட. எடுத்துக் கொடுத்தேன்.

18, வெள்ளி. வெயில். கடைசி நாள்.

காலை: கையெழுத்து ஆயிற்று. எல்லாப் பிரிவிலும் உயர்ந்த மதிப்பெண். குறிப்புரை: 'குழுவோடு இணைந்து செயல்படத் தெரிந்தவர்.' படிவத்தை நெகிழி உறையில் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

மதியம்: அன்னாசி ரொட்டி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், எனக்குப் பிரியாவிடை. நடுவில் சாருக்குத் தொலைபேசி. திரும்பி வந்தவர் ரொட்டியைத் தொடவில்லை.

காஹாங்கில் தொழிலாளர் குடியிருப்பு வேலை இருபத்து மூன்று நாள் பின்தங்கி இருக்கிறதாம். ஒரு வாரத்தில் பதினோரு நாளை மீட்கிற ஆளை இங்கே வைத்திருப்பது வீண் என்று இயக்குநர் கருதுகிறார். திங்கள் முதல் அந்தோணி அண்ணன் அங்கே மூத்த மேற்பார்வையாளர். தங்க அறை உண்டு.

"நான் சொல்லி பாத்தேம்மா."

"என்னா சொன்னீங்க, சார்?"

"என்னா சொல்ல முடியும்?"

சொல்லக்கூடியது ஒன்று இருந்தது. எனக்கும் தெரியும். இயக்குநரின் எண் சாருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில். என் பை என் மடியில்.

அந்தோணி அண்ணன் எதிர்ப்பு காட்டவில்லை. தொப்பிக்குள் இருந்த கைக்குட்டையை எடுத்து மடித்தார்.

"பக்கத்து வூட்டு ஆமினா கார்ல மேரிய ஏத்திட்டு போறேன்னு போன வாரமே சொல்லிருக்கு. ஒரு மாசம் பாப்போம்லா. இருவத்தி மூணு நாளு. நம்மதான் மீட்குற ஆளாச்சே."

பிறகு என்னிடம்: "கையெழுத்து கெடச்சிருச்சா தங்கச்சி?"

"கெடச்சிருச்சு அண்ணே."

"நல்லது. படிச்சி வந்துட்டீங்க."

மூன்று ஐம்பதுக்குக் கிளம்பினார்.

20, ஞாயிறு. மழை.

புதுச் சப்பாத்து வாங்கினேன். இனித் தேவையில்லை என்பது கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலையில் இரண்டு முறை தொலைபேசியில் அந்தோணி அண்ணனின் எண்ணை எடுத்தேன். எட்டு மணிப் பூசையில் இருப்பார் என்று வைத்துவிட்டேன். பிறகு பூசை முடிந்திருக்கும் நேரமும் போய்விட்டது.

21, திங்கள். வெயில்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் பத்து பத்துக்குப் படிவத்தைக் கொடுத்தேன். முத்திரை குத்தினார்கள். பட்டமளிப்பு அங்கிக்கு அளவு கேட்டார்கள். நடுத்தரம்.

பன்னிரண்டு மணிக்கு அந்தோணி அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். காஹாங் சைட்டின் அன்றாட வேலைப் படிவம், முன்பக்கம். கீழே ஒரு வரி:

"தங்கச்சி, இங்கயும் வெள்ளிக்கெழமைக்கு கட்டம் இல்ல."