கவிழ்த்த வள்ளங்களுக்கு வேலி இல்லை

போன கூட்டத்தில் உம்முடைய பெயரைக் கறுப்புக் கல்லில் வெட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். புதிதாக மினுக்கிய கல்லுக்கு ஒரு மணம் இருக்கிறது. ஈரத் தூளும் மெழுகும் கலந்த மணம். பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று பொன்னிறத்தில் பொறித்திருந்தார்கள். எழுத்தென்னவோ நல்ல வடிவுதான். பார்த்தவுடன் எனக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு அந்தக் கல் எங்கே நிற்கப்போகிறது என்று சொன்னார்கள். அழுகை போய்விட்டது. பத்திக்கொண்டு வந்தது.

கடற்கரை வீதியில் புதிதாக எழும்பிய கடைத்தொகுதிக்கு முன்னால், வேம்பின் கீழே, நாம் வைப்பித்த மூன்று கல் வள்ளங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைச் சுற்றி இரும்புக் கிறில் அடித்து, உள்ளே புல் பதித்து, ஒரு கேற்றும் போட்டு, கேற்றில் ஒரு காவலாளியையும் இருத்தப் போகிறார்களாம். அதற்கு உம்முடைய பெயரில் ‘நினைவுப் பூங்கா’ என்று பெயராம். கடைத்தொகுதியின் மனேச்சர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “அம்மா இந்தக் குழுவிலை இருந்து செய்த சேவைக்கு எங்களாலை ஏலுமான ஒரு மரியாதை.”

குழுத் தலைவர் தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். இந்த ஊரில் இதற்குத் தலையாட்டாமல் எப்படி இருப்பது? பஸ் தரிப்பிடம், தண்ணீர்த் தொட்டி, சுடலை மண்டபம் என்று எதை எடுத்தாலும் ஓர் அமரரின் ஞாபகார்த்தமாகத்தானே நிற்கிறது. நான் மட்டும், யோசிக்கவேண்டும், அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்ற மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் குழு தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் செலவில் ஒரு சிறு பங்கைப் பொதுக்கலைக்கு ஒதுக்கவேண்டும் என்று நகரசபை ஒரு விதி கொண்டுவந்தது. விதி வந்துவிட்டது, பொதுக்கலை என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அதைத் தீர்மானிக்க ஒரு குழு. நான் அதே நகரசபைக் கந்தோரில் கட்டட வரைபடம் பார்த்து ஓய்வுபெற்றவள் என்று என்னைப் போட்டார்கள். வர்த்தக சங்கத்தின் சார்பில் ஒரு பெண்ணும் வேண்டும் என்று, பாமசி நடத்திய உம்மைப் போட்டார்கள். பாமசிக்காரி, மருந்துச் சிட்டையை வாசிப்பதுபோல எல்லாவற்றையும் பேசாமல் வாசித்துவிட்டுப் போவாள் என்று நினைத்திருப்பார்கள். பாவங்கள், உம்மைத் தெரியாத ஆக்கள்.

முதல் கூட்டத்துக்கு வந்த விண்ணப்பங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒருவர் தன் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக்குள் நிறம் மாறும் நீரூற்று வைக்கிறேன் என்றார். இன்னொருவர் தன் தகப்பனாரின் மார்பளவுச் சிலை. மூன்றாமவர் கடையின் பெயர்ப்பலகையையே, அது மின்னி மின்னி எரியும், அதனால் அதுவும் கலைதான் என்று எழுதியிருந்தார். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், “நடராசர் சிலை ஒண்டு வைச்சால் காணும்தானே?” என்று கேட்டார். நீர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர். தேத்தண்ணி மூக்கில் ஏறி இருமத் தொடங்கிவிட்டீர்.

பொதுக்கலைக்கு வரைவிலக்கணம் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். நான் எழுதிக்கொண்டு வந்தது இதுதான்: ‘கட்டட வளவினுள் பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் அமைந்த கலைப்படைப்பு.’ நீர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்.

“இஞ்சரும், புத்தூர்க்காரி எண்டதைக் காட்டிப்போட்டீர். கலையையும் வேலிக் கதியால் போட்டு அடைச்சால்தான் உமக்கு நித்திரை வரும்.”

“உமக்கென்ன, கடலுக்கு வேலி போடேலாது. எங்களுக்குத் தோட்டம். அடைக்காட்டி ஆடு வந்து மேயும்” என்றேன் நான்.

“மேயட்டும். ஆடு மேயாத சிலையிலை எனக்கு நம்பிக்கை இல்லை.”

கலியாணம் முடித்துப் புத்தூரிலிருந்து இந்தக் கடற்கரைப் பட்டினத்துக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பகிடியை உம்மிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கப்பலோட்டிய குடும்பத்துப் பெண் நீர்; எங்கள் வேலிகள் உமக்குப் பெரும் விநோதம். ஒரு பூவரசங் கதியால் அரை முழம் தள்ளி நட்டதற்காக அண்ணன் தம்பி செத்தவீட்டுக்கும் போகாமல் விட்ட கதையை என்னிடம் எத்தனை தரம் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பீர்! ஆனால் அன்றைக்குப் பகிடியோடு நிறுத்தவில்லை. உம்முடைய பாமசிக்கு மத்தியானத்தில் வரும் மீன் விற்கும் பெண்களைப் பற்றிச் சொன்னீர். விடியத் தொடக்கம் சந்தையில் குந்தியிருந்துவிட்டு, பஸ் வரும் வரைக்கும் வாய்க்கால் ஓரத்தில் நிற்கிறார்கள். கடை வாசலில் இருந்தால் எழுப்பிவிடுகிறார்கள். கால் உளைவு என்று உம்மிடம் வருகிறார்கள்.

“இருக்க இடமில்லாததுக்கு நான் குளிசை குடுத்துக்கொண்டிருக்கிறன்” என்றீர். “எனக்குக் கீறத் தெரியாது, செதுக்கத் தெரியாது. மதிலுக்கு வெளியாலை நிக்கவேணும். ஒருத்தரையும் கேளாமல் கிட்டப் போகவேணும். அதுதான் பொது. மிச்சத்தைக் கலை தெரிஞ்ச ஆக்கள் பாக்கட்டும்.”

அப்படித்தான் அந்த வசனம் வந்தது. ‘எவரும், எந்நேரத்திலும், எவரிடமும் கேளாமல் கிட்டச் செல்லக்கூடியதாக இருப்பதே பொதுக்கலை.’ அதோடு விடாமல், ‘அந்த நிலை பின்னர் மாறினால் அது பொதுக்கலையாகக் கொள்ளப்படாது’ என்றும் சேர்க்கச் சொன்னீர். இதெல்லாம் எதற்கு, அலட்டலாக இருக்கிறதே என்று நான் முணுமுணுத்தேன். “கிடக்கட்டும், சோறா கேக்குது?” என்றீர். கிடந்தது.

கடைத்தொகுதி ஒதுக்கிய பங்குக் காசில், பண்டத்தரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கும் அந்தப் பெண்தான் வள்ளங்களைச் செய்தாள். கரையில் கவிழ்த்து வைத்த மாதிரி மூன்று வள்ளங்கள், கல்லும் சீமெந்துமாக. அடிப்பக்கத்தை அவள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாள். ஒன்றில் கைவிரலால் தடவினால் மட்டும் தெரியும் அலைக்கோடுகள். திறப்பு விழாவுக்கு நாடா கட்டி, எதிரே பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, எல்லாப் பெரியவர்களும் கதிரைகளில் இருந்துகொண்டு வள்ளங்களைப் பார்த்தார்கள். பேச்சு முடியவில்லை. நீர் எழும்பினீர். சேலையை ஒதுக்கிக்கொண்டு நேரே போய் நடு வள்ளத்தின் மேல் இருந்துகொண்டீர். கடைத்தொகுதி முதலாளியின் முகம் கறுத்துப்போனது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோசப் புழுகமாகவும் இருந்தது.

வீதியின் மறுபக்கம் மீன் கடகத்தோடு நின்ற பவளமக்கா, வருடக்கணக்காக உம்மிடம் கால் உளைவுக்கு மருந்து எடுப்பவ, பயந்து பயந்து கிட்ட வந்தா. “நானும் இருக்கலாமோ அம்மா?”

“கேட்டுக்கொண்டு இருக்கிறதெண்டால் அது பொது இல்லை. இரும்.”

இருந்தா. அடுத்த நாள் மற்றப் பெண்களும் வந்தார்கள். ரியூசன் முடிந்த பெட்டைகள் வந்தார்கள். ஆடும் வந்தது, நீர் ஆசைப்பட்ட மாதிரி. முதலாளியிடமிருந்து முறைப்பாடும் வந்தது: மீன் வாடை, செதில், வெற்றிலைத் துப்பல். உயிரோடு இருந்த காலம் முழுவதும் நீர் அதைத் தட்டித் தட்டிவிட்டீர். “வாடை பிடிக்காட்டிக் கடற்கரையிலை ஏன் கடை கட்டினவர்?” என்று கூட்டத்திலேயே கேட்டீர்.

பிறகு நீர் போய்விட்டீர். இவ்வளவு கெதியாய்ப் போவீர் என்று நான் நினைக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் ஏலாது, எழுதவும் மாட்டேன். செத்தவீட்டில் அந்த முதலாளி முன்வரிசையில் இருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வந்தார். நல்ல மனிதர் என்று உம்முடைய ஆக்கள் எல்லோரும் சொன்னார்கள். நீர் உயிரோடு இருக்கும்போது அவரால் செய்யமுடியாததை, நீர் செத்தபிறகு உம்முடைய பெயரைக் கொண்டே செய்யலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மூளைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

கல்லைப் பார்த்த அடுத்த நாள் கனடாவிலிருந்து உம்முடைய தம்பி தொலைபேசி எடுத்தார். யாரோ அவருக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள்.

“அக்கா, நீங்கள்தான் மறிக்கிறியளாம். ஏன்? பெரியக்காவோடை ஏதும் கோவமோ?”

நான் விளங்கப்படுத்தப் பார்த்தேன். வரைவிலக்கணம், கிறில், கேற் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “அவவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவவின்ரை பேர் சொல்ல ஒண்டும் இல்லை. அந்தக் கல்லெண்டாலும் நிக்கட்டுமேன்.” குரல் உடைந்தது. எனக்கும் உடைந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லையே. அந்தப் பின்னேரம் முழுவதும் உம்முடைய பெயர் நிற்கட்டும் என்றுதான் என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கிறிலை மட்டும் எதிர்ப்போம், கல்லை விட்டுவிடுவோம் என்று தீர்மானித்தும் விட்டேன்.

அடுத்த மத்தியானம் வள்ளத்தடிக்குப் போனேன். பவளமக்கா இருந்தா. விசயத்தைச் சொன்னேன். கிறில் என்றதும் ஏசுவா என்று நினைத்தேன். கிறிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடகத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா.

“அம்மாவின்ரை பேரைக் கல்லிலை வைக்கிறதோ? நல்லது. வைக்கத்தானே வேணும். அப்ப நாங்கள் அங்காலை போவம், என்ன? அவவின்ரை பேருக்கு முன்னாலை மீன் கடகத்தோடை எப்பிடி இருக்கிறது? பாவம் எல்லோ.”

அட கோதாரி! காவலாளி எதற்கு, கேற் எதற்கு? உம்மீது வைத்த மரியாதையே அவர்களை எழுப்பிவிடப் பார்க்கிறது. கல் வந்தால் ஆண்டுக்கு ஒரு மாலை வரும். மாலை வந்தால் விளக்கு வரும். விளக்கு வந்தால், உதிலை சாய்ந்து இருக்காதேங்கோ என்று சொல்ல ஓர் ஆள் வருவார். நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி எழும்பிவிடும், ஒரு கதியாலும் நடாமல். வேலிக்குள் பிறந்து வளர்ந்த எனக்கே அது அந்தப் பெண் சொல்லும்வரைக்கும் தெரியவில்லை.

நேற்றுத்தான் கூட்டம். மனேச்சர் வரைபடத்தை விரித்தார். “அம்மா, இது வேலி இல்லை. அலங்காரக் கிறில்.”

“தம்பி, நான் புத்தூர். எனக்கு வேலியைத் தெரியும்” என்றேன்.

தலைவர் குறுக்கிட்டார். “உங்கடை சிநேகிதிக்குச் செய்யிற மரியாதையை நீங்களே மறிக்கிறது வடிவில்லை.”

“மரியாதை எண்டால் அவ எழுதுவிச்ச வசனத்தை வாசியுங்கோ. ரெண்டாவதையும் சேர்த்து வாசியுங்கோ.”

அவர் வாசித்தார். வாசிக்கும்போதே அவருடைய குரல் இறங்கியது. நான் விடவில்லை. “கிறில் ஏறின அண்டைக்கே அது பொதுக்கலை இல்லை. அப்ப உங்கடை கட்டடம் தன்ரை பங்கை இன்னும் செய்யேல்லை எண்டுதான் வரும். வடிவா அடையுங்கோ. அடைச்சுப்போட்டு மதிலுக்கு வெளியாலை புதுசா இன்னொண்டு செய்யுங்கோ. அதிலையும் ஆக்கள் வந்து இருப்பினம்.”

மனேச்சர் தொலைபேசியோடு வெளியே போனார். திரும்பி வந்து வரைபடத்தைச் சுருட்டினார். அதிபர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் தலைவர் கல்லை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். “சரி, கிறில் வேண்டாம். இதை மட்டும் ஒரு கரையிலை வைப்பமே? இதிலை ஆருக்கு என்ன நட்டம்?”

உம்முடைய பெயரைப் பார்த்தேன். தம்பியின் குரல் காதில் கேட்டது. வைப்போம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “வேண்டாம்” என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பவளமக்கா சொன்னதைச் சொன்னேன். வேண்டாம் என்பது கூட்டக் குறிப்பில் ஏறியது. தம்பிக்கு நானே எடுத்துச் சொன்னேன். “இனி எனக்கு எடுக்காதேங்கோ” என்று சொல்லி வைத்துவிட்டார். கோபம் அவருக்கு இருக்கட்டும். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. என் பக்கத்திலும் இருக்கிறது.

ஆக, இந்தப் பட்டினத்தில் உம்முடைய பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை எழுதவிடாமல் செய்தவள் நான். இன்னொரு தரம் கொண்டுவந்தாலும் விடமாட்டேன். பொன்னால் எழுதிக் கொண்டுவந்தாலும் விடமாட்டேன். உமக்குக் கோபம் என்றால் வந்து ஏசும். உம்முடைய ஏச்சைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது!

கூட்டம் முடிந்து படியால் இறங்கும்போது, பின்னால் தலைவர் யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது. “பாமசி அம்மா போட்டா, இனிக் கரைச்சல் இல்லை எண்டு இருந்தன். போகேக்கை தன்ரை வாயை உந்தச் சிநேகிதியிட்டைக் குடுத்திட்டெல்லோ போயிருக்கிறா.”

நான் திரும்பி நின்றேன். “ஓம், தந்திட்டுத்தான் போனவ” என்றேன்.