உன் வாய்க்காலில் வெள்ளம் வரட்டும்

என் ராசா மயூரன்,

பேப்பரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதச் சொன்னார்கள். நாலு வரி எனக்குப் போதாது. எனக்கு உன்னோடு சண்டை இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பேசாமல் வாசி.

முன்னறையில் உன் கம்ப்யூட்டர் இன்னும் வேலை செய்கிறது. உன் சிங்களக் கூட்டாளி கசுன் மருதானையில் இருந்து பஸ் ஏறி வந்து அதன் முன்னால் குந்திக்கொண்டிருக்கிறான். அந்த இரைச்சல் கேட்டால் நீதான் என்று நினைத்து உனக்கும் தேத்தண்ணி ஊற்றிவிடுகிறேன். பிறகு அதைத் தொட்டியில் ஊற்றுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் செய்த கேமில் ஒரு வாய்க்கால் ஓரத்து ஊர். எங்கேயும் போகலாம், எதையும் எப்போதும் செய்யலாம். மீன் பிடிக்கலாம், மொட்டைமாடியில் ஏறிக் காற்று வாங்கலாம். அந்த ஊருக்கு ஒரு வெள்ளம் வரவேண்டும். அதில்தானே முட்டிக்கொண்டீர்கள்.

"வெள்ளம் அதுட டைமுக்கு வரணும், மச்சான். ஆள் ரெடியா இல்லையா அது பாக்காது" என்றான் கசுன்.

"அப்ப அது ஓப்பன் வேர்ல்ட் இல்லையடா, டியூஷன் கிளாஸ்! மணி அடிச்சா ஓடோணும். விளையாடுறவன்ட சுதந்திரத்தில நாங்கள் ஏன் கை வைக்கோணும்? அவன் மீன் பிடிச்சு முடிச்சு எப்ப பாலத்தடிக்கு வாறானோ அப்ப வெள்ளம் வரட்டும்" என்றாய் நீ.

கடைக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த நான் கேட்டேன்: "வெள்ளம் காத்துக்கொண்டு நிக்குமோடா?"

"என்ட வெள்ளம் நிக்கும், அக்கா."

நீ வென்றாய். உன் ஊர் வானத்தில் கருமேகம் விழாமல் தொங்கிக்கொண்டு நின்றது.

பிறகு நெஞ்சு இறுகுது என்றாய். இடது கை விறைக்குது என்றாய். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். "கேம் வெளியில வரட்டும், அக்கா. பிறகு நீங்கள் சொல்லுற எல்லா டொக்டரிட்டையும் வாறன்."

மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு வந்தேன். உன் தலை மேசையில் கிடந்தது. திரையில் உன் ஆள் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கென்ன அவசரம்?

உன் அந்தியேட்டிக் கிரியைக்குப் பெரியண்ணன் கனடாவில் இருந்து ஐயரோடு போனில் கதைத்தார். லீவு இல்லையாம், சனிக்கிழமைக்கு மாற்றேலாதோ என்று கேட்டார். ஐயர் சொன்னார்: "முப்பத்தோராம் நாள் முப்பத்தோராம் நாள்தான், தம்பி. சனிக்கிழமைக்குத் தள்ள இதென்ன பர்த்டே பார்ட்டியோ?" எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போனபிறகு நான் சிரித்தது அன்றுதான். வாசலில் வெள்ளைச் சேர்ட்டோடு நின்ற கசுன் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்தான்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் போனபிறகு கேட்டான்: "அக்கே, மச்சான்ட வெள்ளத்த நான் மாத்தவா? நீங்க வேணாம் சொன்னா தொடமாட்டன்."

"முதல் எனக்குக் காட்டு" என்றேன்.

மவுஸைக் கையில் தந்தான். தட்டுத்தடுமாறிப் பாலத்தடிக்குப் போனேன். அங்கே ஒருத்தி இடியப்பச் சட்டியோடு நிற்கிறாள். என்னுடைய நீல ஹவுஸ்கோட். என்னுடைய கொண்டை. ஏன் எனக்குச் சொல்லவில்லை? வெள்ளத்துக்கு முதல் அவளை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டுமாம். அவளைத் தொட்டேன். "ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை" என்றாள்.

எப்போதடா நான் உனக்கு அப்படிச் சொன்னேன்? ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். அதே இடம், அதே சிரிப்பு, அதே மேகம். நான் வராவிட்டாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. நனையவே போகாதவளை எதற்கு நான் காப்பாற்ற?

"வெள்ளம் சொல்லாமல் வருமோ?" என்று கசுனைக் கேட்டேன்.

"இல்ல அக்கே. முதல்ல காகம் எல்லாம் எழும்பிப் போகும். பிறகு தண்ணி நிறம் மாறும். பிறகு படியில ஏறும். மீன் பிடிக்கிறதா, ஓடுறதா, ஆள்தான் யோசிக்கணும். வெள்ளம் மட்டும் நிக்காது."

உனக்கும் சொல்லித்தானே வந்தது? நெஞ்சு சொன்னது, கை சொன்னது, வேர்வை சொன்னது. உன் சுதந்திரத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை, ராசா. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"போடு" என்றேன். உன் சொல்லை மீறித்தான் சொன்னேன். கோபம் என்றால் வந்து சண்டை பிடி. கதவு திறந்துதான் கிடக்கிறது.

அந்த நீல ஹவுஸ்கோட்காரியின் பேச்சையும் மாற்றச் சொன்னேன். இனி அவள் அவசரப்படுத்த வேண்டும். என் குரலை எடுக்கக் கசுன் போனை என் வாயருகே பிடித்தான். "கெதியா வா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதையும் சேர்த்தே எடுத்துவிட்டான்.

வெள்ளம் வந்ததும் முதலில் விளையாடப்போவது நான்தான். காகம் எழும்பினால் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடுவேன். மீன் கிடக்கட்டும். அவளை மேல்மாடிக்கு ஏற்றிவிடுவேன். சத்தியமாய்ப் பிந்த மாட்டேன், தம்பி.

கெதியா வா என்று உன்னைக் கூப்பிட்டே தொண்டை போன,
உன் அக்கா