குறைத்துச் சொன்ன சருவச்சட்டி

காலையிலிருந்து எங்கள் சருவச்சட்டி சமையலறை மேசையில் இருக்கிறது. அதிலிருந்து ஆற்றுச் சேறும் ரப்பரும் கலந்த மணம் வருகிறது. ஒவ்வொரு கோடை முடிவிலும் வடகனடாவிலிருந்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த மணம். அப்போதெல்லாம் சப்பாத்தை வாசலிலேயே கழற்றச் சொல்லி உங்களோடு சண்டை பிடிப்பேன். இன்று யன்னலைக்கூடத் திறக்கவில்லை.

இந்தச் சட்டி உங்களோடு புறப்பட்ட கதை நினைவிருக்கிறதா? ஆற்றை ஆராய நீங்கள் கொண்டுபோன ஆய்வுகூடத்தின் பிளாஸ்டிக் வாளிகள் முதல் பயணத்திலேயே குளிரில் வெடித்துப்போயின. "ஒரு வாளிக்கு ஓட்டை போடவும் இஞ்ச ஆன்ட்ராக் எழுத வேணுமாம்" என்று சலித்துக்கொண்டீர்கள். அந்த விண்ணப்பம் நகர்வதற்குள் பயண நாள் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு, விருந்தினருக்குப் பாயசம் காய்ச்சுவதற்காகச் சட்டியைத் தேடினேன். அன்று நீங்கள் தொலைபேசியில் வந்தீர்கள்.

"இஞ்சேருங்கோ, என்ர சருவச்சட்டியைக் கண்டனீங்களோ?"

"ஓம், ஆத்தில மிதக்குது."

"விளையாடாதேங்கோ. ஆக்கள் வரப்போகினம்."

"உம்மட சட்டி இப்ப கனடாவில உத்தியோகம் பாக்குது. இனிப் பாயசம் காய்ச்ச ஏலாது. ரெண்டு ஓட்டை போட்டிட்டன்."

நீங்கள் மெதுவாகச் சிரித்தது கேட்டது.

"கோவமோ? சரி, என்னை நினைச்சனீரோ?"

"சட்டியைத்தான் நினைச்சனான். நீங்கள்?"

"கொஞ்சம்" என்றீர்கள். பிறகு வந்த கோடைகளிலும் அதே கேள்வி, அதே பதில்.

திரும்பி வந்தபோது கதவடியில் நின்று கேட்டேன்: "இரவல் வாங்கின சட்டியை வெறுமையாவோ கொண்டு வாறது?" எங்கள் ஊரில் அப்படிக் கொடுப்பது மரியாதையல்ல. நீங்கள் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு கறுத்த சுள்ளியை எடுத்துச் சட்டிக்குள் போட்டீர்கள்.

"இதென்ன குப்பை?"

"எத்தனையோ ஆயிரம் வருசம் உறைஞ்ச மண்ணுக்குள்ள கிடந்த சுள்ளி. குளிருக்குள்ள இலையும் வேரும் பழுதாகாமல் கிடக்கும். இப்ப மண் இளகுது. எல்லாம் கரைஞ்சு ஆத்துக்கும் குளத்துக்கும் வருது. அங்க உக்கி, வாயுவாகி மேல போகுது. காடு, கடல் எண்டு எல்லாரும் கணக்குப் பாக்கினம். ஆறு விடுற மூச்சைக் கேக்க ஆக்கள் குறைவு."

அதைக் கேட்கத்தான் சட்டி. அதைக் கவிழ்த்து நீரில் மிதக்கவிட்டு, உள்ளே சேரும் காற்றை ஓட்டை வழியாக ஊசிக்குழாயில் எடுத்து, அதில் கரியமில வாயுவும் மீதேனும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று பார்ப்பீர்கள். ஓய்வு பெறும்வரை வேறு கலம் எடுக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பின் அதில் நான் வெங்காயம் போட்டு வைத்தேன்.

இந்த வசந்தத்தில் உங்களோடு வேலை செய்த காத்ரின் வந்தாள். புதிய கலங்கள் வந்துவிட்டனவாம். பழைய சட்டியையும் புதியதையும் அதே ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டுமாம். "பார்க்காவிட்டால் அவர் அளந்த ஆண்டுகளை எங்கள் கணக்கோடு சேர்க்க முடியாது. ஒருவரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள்" என்றாள்.

"ஆறு இழுத்துக்கொண்டு போனால்?"

"போகலாம். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்."

தரமுடியாது என்றேன். உங்கள் கைபட்ட பொருள்களில் நான் தினமும் தொடுவது அது ஒன்றுதான். தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், உங்கள் அத்தனை கோடைகளும் வெங்காயத்துக்கு அடியில் கிடந்தன. யன்னலில் நின்று கத்தக்கூடாது என்று கொன்வென்ற் சிஸ்டர்மார் படிப்பித்ததை இத்தனை வயதுவரை காப்பாற்றியவள் நான். யன்னலைத் திறந்து, "காத்ரின்!" என்று கத்தினேன். சைக்கிளில் ஏறப்போனவள் திடுக்கிட்டு நின்றாள். சட்டியைத் துடைத்துக் கொடுத்தபோது சொன்னேன்: "வெறுமையாகக் கொண்டு வரக்கூடாது. அது எங்கள் வழக்கம்."

இன்று காலை கொண்டுவந்தாள். விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. உள்ளே ஒரு கறுத்த சுள்ளி. நீங்கள் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள் போலும், நான் கேட்கவில்லை.

"கணக்குச் சேர்ந்துவிட்டது" என்றாள், உட்காருவதற்கு முன்பே. "சட்டி எல்லா இடத்திலும் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது. ஆனால் எப்போதும் ஒரே மாதிரித்தான் குறைக்கிறது. அதனால் திருத்திவிடலாம். அவருடைய ஒரு கோடையும் வீணாகவில்லை."

அப்படியென்றால் ஆறு நீங்கள் சொன்னதைவிடக் கூடுதலாக மூச்சு விட்டிருக்கிறதா என்று கேட்டேன். ஆம் என்றாள். அவள் முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது; பிறகு சிரிப்பாக இருக்கவில்லை. படியேறும்போது நடுவில் நின்று, "கொஞ்சம் மூச்சு வாங்குது, வேற ஒண்டுமில்லை" என்று சொன்னவரல்லவா நீங்கள். வைத்தியரிடமும் அதைத்தான் சொன்னீர்கள்.

சட்டியை இன்னும் கழுவவில்லை. அழுக்குப் பாத்திரம் மேசையில் இருக்கச் சகிக்காதவள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். செய்யுங்கோ. நான் உட்கார்ந்து பழைய கணக்கொன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கோடையும் அந்த ஆற்றங்கரையிலிருந்து நீங்கள் தொலைபேசியில் சொன்ன அந்தக் "கொஞ்சம்", அதுவும் இந்தச் சட்டியால் அளந்ததுதானே.